கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய் வந்த அனுபவங்கள்

டல்லாஸ் மருமகள்:
2020 அக்டோபரில் கிரீன் கார்டு மனுப் போட்ட பலரில் நாங்களும் உண்டு, கணவரின் வேலையை வைத்துப் போட்ட மனு. கணவர் ஈஏடியில் (மனு நிலுவையில் இருப்பவர்களுக்குத் தரும் வேலை அனுமதி) வேறு கம்பெனிக்கு மாறியதும், அவருடைய ஹெச் வேலை விசாவை ஒட்டி எனக்கிருந்த ஹெச்-4 போய்விட்டது. கையில் அட்வான்ஸ் பரோல் மட்டும், அதாவது மனு நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்த் திரும்புவதற்கான முன் அனுமதி. தம்பி கல்யாணத்துக்குத் திருச்சிக்குத் தனியாகப் போய், அபுதாபி வழியாகத் திரும்பினேன். அமெரிக்கச் சோதனை அங்கேயே நடந்துவிடும். பரோல் என்றால் செகண்டரி அறை (தனியாக உட்கார வைத்து விசாரிக்கும் இடம்) உறுதி என்று தெரிந்துதான் போனேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். "கணவர் மனுப் போட்ட கம்பெனியிலேயே இருக்கிறாரா?" மாறிவிட்டார் என்றேன். "அங்கே என்ன வேலை? பழைய வேலையை ஒத்ததா?" பதவிப் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். செல்பேசியைத் தொடக் கூடாது. வெளியே என் விமானத்துக்கு அழைப்பு கேட்டது. கடைசியில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார், சிக்கல் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் மகள் தூங்கும் வீட்டுக்கு நான் திரும்புவதை, இன்னொருவர் ஆபீசில் என்ன செய்கிறார் என்பது தீர்மானிக்கிறது. உங்களில் யாரையாவது இப்படிக் கேட்டார்களா?

காவிரிக்கரை:
எங்களை அமெரிக்காவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சென்னையில்தான் மாட்டினோம். பிராங்பர்ட் வழி டிக்கெட். மனைவியின் விசா காலாவதியாகியிருந்தது, ஈஏடியும் பரோலும் சேர்ந்த காம்போ கார்டு இருந்தது. கார்டில் அச்சிட்டிருக்கும் பரோல் வரியைக் கவுண்டர் பெண்ணிடம் விரல் வைத்துக் காட்டினேன். "அமெரிக்காவுக்கு இது போதும் சார், ஜெர்மனிக்குப் போதாது" என்றார். அவர் சொன்னது சரி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே அப்போது டிரான்சிட் விசா வேண்டியிருந்தது. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் விலக்கு இருந்தது, பரோலுக்கு இல்லை. பரோலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வக்கீல் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சீட்டு ஒட்டிய பெட்டிகளை மனைவி தானே பெல்ட்டிலிருந்து இழுத்து இறக்கினாள். கண்ணாடிக்கு வெளியே மாமனார் விஷயம் தெரியாமல் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார். பிறகு தோஹா வழியாக வந்து சேர்ந்தோம்.

நியூஜெர்சி நெல்லைக்காரன்:
டல்லாஸ் சகோதரி, ஹெச்-4 ஸ்டாம்பிங் செய்துகொண்டு (பாஸ்போர்ட்டில் விசா குத்தி வாங்கிக்கொண்டு) போயிருந்தால் செகண்டரியே வந்திருக்காது. நாங்கள் அப்படித்தான் போனோம், நெவார்க்கில் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். ஹெச் அல்லது எல் (கம்பெனிக்குள் இடமாற்ற விசா) நிலையைக் காப்பாற்றிக்கொண்டு அதே விசாவில் திரும்புகிறவருக்குப் பரோல் தேவையே இல்லை, ஐ-485 என்ற கிரீன் கார்டு மனுவும் உயிரோடு இருக்கும். மற்றவர்கள் பரோல் கைக்கு வராமல் விமானம் ஏறவே கூடாது. ஏறினால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், நிலுவையிலுள்ள ஐ-131 என்ற பரோல் விண்ணப்பமும் அதோடு போகும். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 போடுகிறவர்கள் பரோலுக்குத் தனியாகக் கட்டணம் (2024-இல் 630 டாலர்) கட்ட வேண்டியிருப்பதால் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ஊரில் பெற்றோர் உடம்பு நம் வசதிக்குக் காத்திருக்காது. மனு ரசீது, திருமணச் சான்றிதழ், கணவரோ மனைவியோ வேலை செய்யும் இடத்திலிருந்து புதிய கடிதம், பரோல் தாளாக வந்திருந்தால் எல்லாப் பிரதிகளும், இவை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் வைக்காதீர்கள். இணைப்பு விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வைகை மகள்:
நெல்லைக்காரன் அண்ணா, டல்லாஸ் சகோதரி எழுதியதை முழுதாகப் படியுங்கள். கணவர் ஈஏடிக்கு மாறிய அன்றே அவருடைய ஹெச்-4 முடிந்துவிட்டது. எதில் ஸ்டாம்பிங் செய்வார்? என்னைப் போன்றவர்களுக்கு ஹெச்சும் இல்லை, எல்லும் இல்லை. மாணவி விசாவில் வந்து அமெரிக்கக் குடிமகனை மணந்தவள் நான். பரோல் வருவதற்கு முன் அப்பாவை மதுரையில் ஐசியுவில் சேர்த்தார்கள். நேரம் வாங்கி, அவசரப் பரோல் கேட்டு இங்கே அமெரிக்காவில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். மருத்துவர் கொடுத்த கடிதத்தில், எங்கள் மனம் நோகக் கூடாது என்றோ என்னவோ, "தற்போது நிலையாக இருக்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. அதிகாரி அந்த வரியின் கீழ் பேனாவை வைத்து, "அப்படியானால் அவசரம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் இரவோடு இரவாக மருத்துவரைப் பிடித்து, உயிருக்கு ஆபத்து, மகள் உடனே வர வேண்டும் என்று வேறு கடிதம் வாங்கி அனுப்பினார். மறுபடி போனேன், பரோல் அன்றே கையில் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவால் பேச முடியவில்லை. பிரதிகளும் விமான இடைவெளியும் சரிதான் அண்ணா, ஆனால் ஊரிலிருந்து கடிதம் வாங்குகிறவர்கள் அதை வரிவரியாகப் படித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.