ரோஸ் மூக்கு இல்லாவிட்டால் ராஜபாளையம் இல்லையா?

கல்யாணி: ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க யோசனை கேட்ட பையனுக்கு பெரியகருப்பன் அண்ணாச்சி நேற்று சொன்ன பதில்: "மூக்கு ரோஸாக இல்லாவிட்டால் அது ராஜபாளையமே இல்லை, விற்கிறவன் திருடன்." அவ்வளவுதான். தாய் நாயைப் பார்த்தாயா, குட்டிக்குக் காது கேட்கிறதா, எதுவும் கேட்கவில்லை. வாங்கப்போவது நாயா, மூக்கா?

பெரியகருப்பன்: சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். 2005-ல் தபால்துறை ஸ்டாம்பு போட்டதே, அதில் என்ன புள்ளி நாயா நின்றது? எங்கள் தாத்தா காலத்தில் வெள்ளை இல்லாத நிறக்குட்டி விழுந்தால் அன்றைக்கே கொன்று கழித்துவிடுவார்கள். அப்படிக் காப்பாற்றிய இனம் தங்கச்சி இது.

கல்யாணி: நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. சரி, உங்கள் தாத்தா வீட்டு வெள்ளைத் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் நிறக்குட்டி பிறந்ததா இல்லையா? பிறந்ததால்தானே கழித்தார்கள்? அப்போ அதுவும் கலப்படமா?

பெரியகருப்பன்: மூக்கைப் பற்றிப் பேசினால் தாத்தாவை இழுக்கிறீர்கள். மூக்கு ரோஸா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஊசிமருந்து: கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் தரும் அதே வகை செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துவிடும். வெறும் வெள்ளையை மட்டும் பார்த்து இணை சேர்த்துக்கொண்டே போனால் செவிட்டுக் குட்டிகள் வருவது இதனால்தான். கைதட்டிப் பார்ப்பது போதாது, ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியும் திரும்பிப் பார்க்கும். சத்தத்துக்கு மூளை தரும் மின்பதிலை ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளக்கிற பேயர் (BAER) டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். நல்ல பிரீடர் தாய், தகப்பன் இரண்டுக்கும் எடுத்ததைக் காட்டுவார்.

பெரியகருப்பன்: வந்துட்டாரு டாக்டர். லேப்ரடாருக்கு ஊசி போட்டே வீடு கட்டியவருக்கு நாட்டு நாயைப் பற்றி என்ன தெரியும்? போன வருஷம் கோம்பை நாய் விஷயத்திலும் இப்படித்தான் வந்து குழப்பினார், நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே ரோஸ் மூக்கு, ஒன்றுகூடச் செவிடு இல்லை.

ஊசிமருந்து: டெஸ்ட் எடுத்தீர்களா?

பெரியகருப்பன்: கூப்பிட்டால் வருது. போதாதா?

கல்யாணி: சோற்றுத் தட்டோடு கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்! 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிப்படி பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் கீழே குட்டியை விற்கக் கூடாது. உங்களிடம் பதிவு இருக்கிறதா அண்ணாச்சி?

பெரியகருப்பன்: வேட்டைக்குப் போன பரம்பரையிடம் காகிதம் கேட்கிறார்கள், காலக்கொடுமை. காகிதம் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், ரோஸ் மூக்கை யாரும் போலியாகச் செய்ய முடியாது.

முள்ளுக்காடு: இந்தச் சண்டையே வேண்டாம் என்றுதான் நான் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். என்ன நிறமாக இருந்தாலும் ஓடும். என்னிடம் இருக்கிற கருப்பும் செம்பழுப்பும் கலந்த பெட்டை முயலை விட்டதே இல்லை.

பெரியகருப்பன்: தம்பி, கருப்பும் செம்பழுப்பும் என்றால் அது கன்னி இனம். என்ன நாய் வளர்க்கிறோம் என்றே தெரியாமல் பேச வந்துவிடுகிறார்கள்.

முள்ளுக்காடு: ரெண்டும் ஒன்றுதான், நிறத்தை வைத்துப் பெயர் பிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒரே ஈத்தில் ரெண்டும் விழும்.

பெரியகருப்பன்: உங்கள் பக்கம் எதுவும் விழும். கன்னி தனி, சிப்பிப்பாறை தனி.

கல்யாணி: பேயர் டெஸ்ட் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

பெரியகருப்பன்: கன்னி விஷயத்தை முடித்துவிட்டு வருகிறேன், இருங்கள். அதற்குள் அந்தப் பையனிடம் சொல்லிவையுங்கள்: ரோஸ் மூக்கு. கருப்பு மூக்கோடு எவனாவது நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டச் சொல்லுங்கள்.

முள்ளுக்காடு: கன்னியில் என்ன முடிக்கப் போகிறீர்கள்? ஒரே ஈத்துக் குட்டிகளின் போட்டோ போடவா?

பெரியகருப்பன்: போடு பார்ப்போம். தகப்பன் நாயையும் சேர்த்துப் போடு.