இரவில் விடாத வறட்டு இருமல்: அம்மா தூங்க என்ன வழி?

கேள்வி: தஞ்சை மகள்

அனைவருக்கும் வணக்கம். அறுபது வயதை நெருங்கும் என் அம்மாவை இரண்டு மாதங்களுக்கும் மேலாக வறட்டு இருமல் வாட்டுகிறது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் கண் அயரும் வேளையில் தொண்டைக்குள் குறுகுறுவென்று ஏதோ ஊர்வது போலிருக்கிறது என்பார், அதன்பின் விலா எலும்பு நோகுமளவுக்கு இருமுவார். சுவரோரம் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே பெரும்பாலான இரவுகளைக் கழிக்கிறார். சளி, காய்ச்சல், எடைக் குறைவு எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த சிரப்புகள் மறுநாள் பகலிலும் மயக்கத்தைத் தந்தனவே தவிர, இருமலை நிறுத்தவில்லை. இப்போது அதிமதுரத்துண்டை நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

சகோதரி, முதலில் அந்த இரத்த அழுத்த மாத்திரை அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பெயராக இருந்தால், இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். இவ்வகை மருந்துகள் தடுக்கும் நொதிதான் உடலில் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. அது சிதையாமல் தேங்கும்போது மூச்சுப்பாதை நரம்புகள் தூண்டப்பட்டு வறட்டு இருமல் வருவதாகக் கருதப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரையைத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் இருமல் வரலாம் என்பதால், இரண்டையும் இணைத்துப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் திடீரென ஏறினால் ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால், இவ்விருமலை அரிதாகவே உண்டாக்கும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ஒன்றுக்கு மாற்றுவது பற்றி அவர் முடிவு செய்வார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் குறையும். உங்கள் அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பதில்: காவிரிக்கரை

மாத்திரை காரணமில்லை என்றால் இரைப்பை அமிலத்தையும் ஆஸ்துமாவையும் நினைவில் வையுங்கள். நெஞ்செரிச்சல் சிறிதும் இல்லாமலேயே அமிலம் மேலேறி இருமலைத் தூண்டலாம். என் கணவருக்கு அப்படித்தான் இருந்தது. இரவு உணவை முடித்து மூன்று மணி நேரம் கழித்தே படுக்கும்படி மருத்துவர் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து அரை அடி உயர்த்தினோம். தலையணைகளை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்துவதால், அது அவ்வளவாகப் பயன்படவில்லை. ஆஸ்துமாவோ சிலருக்கு இளைப்பே இல்லாமல் இருமலாக மட்டும் வெளிப்படும், குறிப்பாகப் பின்னிரவில். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில்: தஞ்சை மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன்: எனலாப்ரில் மலியேட், 5 மி.கி. கோடையில்தான் பழைய மாத்திரைக்குப் பதிலாக இதை எழுதிக் கொடுத்தார்கள். அட்டையுடன் நாளையே மருத்துவரைப் பார்க்கிறோம். மாற்றினால் அன்றிரவே இருமல் நின்றுவிடுமா?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

உடனே நிற்காது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் அடங்கும். சிலருக்கு மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை, சர்க்கரை நோய் இல்லையென்றால், படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் தொண்டைக்கு இதமளிக்கும். இடையில் சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், கால் வீக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முகமோ உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதுவும் இம்மருந்தின் அரிய பக்கவிளைவு.