புதுப்பிப்பு: மே கடைசியில் சியரா நெவாடா, போகிறேன்

அமெரிக்காவின் மேற்குப் பக்க நெடுந்தூர நடைபாதையான பசிபிக் கிரெஸ்ட் பாதையில், கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப் பகுதியை மே கடைசியில் நடக்கலாமா, பனி உருக ஜூலை வரை பொறுக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மே கடைசியேதான், லீவு அப்போதுதான் கிடைக்கிறது. ஆனால் ஏப்ரல் 1 பனி அளவைப் பார்த்த பிறகே டிக்கெட். கலிஃபோர்னியாவில் அந்த ஆண்டின் பனியை எடைபோடுவது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

அந்த மலைப் பகுதியின் தெற்கு முனையில் இருக்கும் கென்னடி மெடோஸில் தொடக்கம். ஃபாரஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். தெற்குச் சரிவில் உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பனிச்சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். விடியுமுன் கிளம்பினால் பனி இறுகியிருக்கும், காலணியில் மாட்டும் இரும்பு முள் பிடிக்கும். மதியமானால் தொடைவரை புதையும். ஓடைகளும் அப்படியே: பகலில் உருகுவது சாயங்காலம் பெருக்கெடுக்கும், காலையில் வடியும். பனிக்கோடரியைப் பிடிக்கப் சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்றில் பழக முடியாது, அதனால் அங்கேயே ஒரு வழிகாட்டியிடம் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் நடை. சாப்பாடு தீர்ந்தால் கியர்சார்ஜ் கணவாய் வழியே இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு இறங்கிவிடலாம்.

இப்போதைக்கு 10 கிலோ அரிசிப் பையோடு எங்கள் புளோக் படிக்கட்டுதான். "லிஃப்ட் கெட்டுப்போச்சா தம்பி?" என்கிறார் எதிர்வீட்டு அக்கா.

கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா யாரிடமாவது இரவல் கிடைக்குமா? அந்தப் பகுதியில் அது கட்டாயம்.