களிமண்ணில் 44 மில்லிமீட்டர்

நெசவாளன்: "கெவ்லர் இழைத்துணி அடுக்குகளைக் குண்டு துளைக்கவில்லையா, கவசம் தேறிவிட்டது" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். அப்படியானால் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனமான என்ஐஜே நடத்தும் சோதனையில் கவசத்துக்குப் பின்னால் களிமண்ணை எதற்கு வைக்கிறார்கள்? பொம்மை செய்யவா? 2008-ல் வந்த அவர்களின் 0101.06 தரத்தில், குண்டடியால் களிமண்ணில் விழும் பள்ளத்துக்கு வரம்பு 44 மி.மீ. துளைக்காத குண்டும் விலா எலும்பை முறிக்கும் ஐயா.

ஈட்டி: அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? 44 எங்கிருந்து வந்தது? 1970-களில் ஆடுகளுக்கு ஏழு அடுக்குக் கெவ்லரைப் போர்த்தி .38 கைத்துப்பாக்கிக் குண்டால் சுட்டார்கள். ஆட்டுக்கு அளவெடுத்த சட்டையை எனக்கு ஏன் மாட்டுகிறீர்கள்?

நெசவாளன்: ஆடு காயத்தைப் பார்க்க. 44 அளக்கப்பட்டது சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில். ஜெலட்டின் உடனே மீண்டுவிடும், அதிவேகக் கேமரா இல்லாமல் அளக்க முடியாது. களிமண்ணில் பள்ளம் அப்படியே நிற்கும். படித்துவிட்டு வாருங்கள்.

ஈட்டி: ஆடு, ஜெலட்டின், களிமண். மூன்று கை மாறிய கணக்கு!

பிசின்: களிமண்ணும் பழைய களிமண் இல்லை. சோதனையில் வைக்கும் ரோமா பிளாஸ்டிலினா என்ற களிமண் சிற்பிகளுக்கான சரக்கு. காலப்போக்கில் கலவை மாறியதால் இப்போது சூடாக்கித்தான் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1 கிலோ எஃகு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, குழி சுமார் 19 மி.மீ. வருகிறதா என்று பார்ப்பார்கள்.

நெசவாளன்: எனக்கே பாடமா? கவசத்துக்கான சைலான் இழை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

பிசின்: புகுந்தேன், சரியாகத்தான் சொன்னேன். 2003-ல் பென்சில்வேனியாவில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் காவலரின் சைலான் கவசத்தைக் குண்டு துளைத்தது. உங்கள் களிமண் தேர்வில் தேறிய வகைதான் அது.

நெசவாளன்: சைலான் இழை நாளடைவில் வலுவிழந்தது. களிமண் என்ன செய்யும்? அதற்காகத்தான் 0101.06-ல் 65 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், 10 நாள் உருட்டிவிட்டுச் சுடுகிறார்கள். இதை அன்றே சொன்னேன். நீங்கள் பதில் எழுதாமல் மறைந்துவிட்டீர்கள்.

பிசின்: மறையவில்லை. வேலை இருந்தது.

மழைத்துளி: பாலிஎதிலீன் தகடுகளைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

ஈட்டி: முதலில் ஆட்டுக்குப் பதில் வரட்டும்.

நெசவாளன்: 2023-ல் வந்த 0101.07-லும் அதே 44 தான். இத்தனை ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள், ஈட்டி ஒருவர்தான் விழித்திருக்கிறார்!

ஈட்டி: அரை நூற்றாண்டாக ஆட்டையே நம்புகிறீர்கள் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

நெசவாளன்: ஜெலட்டின் என்றேன். ஜெலட்டின்! மேலே போய்ப் படியுங்கள்.