15 வேலம்பாளையம் சரி, 14 எங்கே? நம்ம பக்கத்து ஊர்ப்பெயர்கள் பற்றி ஒரு கேள்வி

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. போன வாரம் திருப்பூரில் பஸ்ஸில் போகும்போது, மூன்றாவது படிக்கிற என் மகள் முன்னால் போன வண்டியின் போர்டைப் படித்துவிட்டு, "அப்பா, 15 வேலம்பாளையம்னு போட்டிருக்குதே, 14 வேலம்பாளையம் எங்க இருக்குது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெயர், ஒருநாளும் யோசித்ததில்லை. அப்புறம் பார்த்தால் ஈரோட்டுக்குப் பக்கத்தில் 46 புதூர், பல்லடம் பக்கம் 63 வேலம்பாளையம், கிணத்துக்கடவுப் பக்கம் 10 முத்தூர். இந்த நம்பர் எல்லாம் யார் வைத்தது?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. காங்கேயம் பக்கம் என் அம்மா பிறந்த ஊர் ஒரு வலசு, இருபது வீடு இருக்கும். அதை ஒட்டிய காட்டை, அதாவது விளைநிலத்தை எல்லாம் வாங்கி மனை பிரித்து, ஏதோ 'சிட்டி' என்று வளைவு கட்டிவிட்டார்கள். இப்போது பார்சல் கொண்டுவருகிற பையனுக்கு வலசு பெயர் சொன்னால் தெரியவில்லை, சிட்டிக்குப் பக்கத்தில் என்றால்தான் வருகிறான். எழுபத்தாறு வயதில் அம்மா போனில் அந்தப் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை பேரன்:

நம்பருக்கு நான் சொல்கிறேனுங்க. 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் வேலையை அரசு ஒழிக்கும் வரை எங்கள் அப்பாரு (தாத்தா) கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருந்தால் கணக்கில் குழப்பம் வரும் இல்லையா, அதனால் வருவாய்க் கணக்கில் அந்தக் கிராமத்துக்கு இருந்த வரிசை எண்ணையே பெயருக்கு முன்னால் சேர்த்தார்கள். 14 என்பது அந்த வரிசையில் வேறு பெயருள்ள ஏதோ ஒரு கிராமம். பாப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். வரி வாங்குகிறவன் தன் வசதிக்குப் போட்ட எண், இன்றைக்கு பஸ் போர்டில் ஏறிக் குழந்தை வாயில் வருகிறது.

நஞ்சை, புஞ்சையும் இப்படித்தான். புஞ்சைப் புளியம்பட்டி எல்லாருக்கும் தெரியும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி வேறு, காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் இருக்கிற நஞ்சை ஊத்துக்குளி வேறு. கரூர்ப் பக்கம் நஞ்சைப் புகளூர், புஞ்சைப் புகளூர் என்று இரண்டு. பெயரைக் கேட்டாலே எதில் வாய்க்கால் பாய்கிறது, எது வானம் பார்த்த பூமி என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பெண் கொடுக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அப்பாரு சொல்வார்.

பெரும்பள்ளம்:

புகளூர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஆறுநாட்டார் மலையில் சுமார் 1,800 வருசத்துக்கு முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சேரர்களின் பெயர் இருப்பதால் எல்லாரும் அதையே பேசுவோம். எனக்குப் பிடித்தது வேறு ஒரு வரி: கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் அங்கே துறவிகள் தங்கக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தது. கருவூர்! இடையில் சோழர்கள் வந்து அந்த ஊருக்கு முடிவழங்கு சோழபுரம் என்று பெயர் வைத்தார்கள், பொள்ளாச்சிக்கு முடிகொண்ட சோழநல்லூர், தாராபுரத்துக்கு இராசராசபுரம், கொங்கு மொத்தத்துக்குமே வீரசோழ மண்டலம். கல்லில் எல்லாம் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கரூர் பஸ் ஸ்டாண்டில் போய் முடிவழங்கு சோழபுரத்துக்கு டிக்கெட் கேட்க முடியுமா? 2020 ஜூனில்கூட 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு வாரமும் நாம் கோவை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நிலத்தை வைத்து வந்த பெயர் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஈரோட்டுக்கு ஈர ஓடு என்று பிரம்மன் கபாலக் கதை சொல்வார்கள், கோயிலில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே சித்தோடு, வெள்ளோடு என்று வரிசையாக இருக்கும்போது எனக்கு ஓடைதான் தெரிகிறது. பெரும்பள்ளம், பிச்சைக்காரன் பள்ளம் என்று இரண்டு ஓடை இன்றும் ஓடுகின்றன (ஓடுவது சாக்கடையும் சாயமும் என்பது வேறு வயிற்றெரிச்சல்). வெளியூர்க்காரர்கள் பள்ளம் என்றால் குழி என்று நினைப்பார்கள், நமக்கு அது தண்ணீர் போகிற வழி. அது தெரியாமல் பள்ளம் என்று பெயருள்ள இடத்தில் மனை வாங்கி, மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆவாரம்பூ:

பாளையம் என்றாலே பாளையக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படை தங்கிய இடமும் பாளையம்தான். அவினாசிப் பக்கம் தண்டுக்காரன்பாளையம் இருக்கிறது, தண்டு என்றால் படை. நான் இருப்பது கோவை ஆவாரம்பாளையம். பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கட்டு இருபது ரூபாய்க்குக் கடையில் வாங்குகிறேன். எங்கள் தெருவில் ஒரு ஆவாரஞ்செடி கிடையாது.

ஆலாங்காடு:

எல்லாரும் பழைய பெயர் போகிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்குப் போனால் நிம்மதி என்கிற பெயர் ஒன்று உண்டு. ஊருக்கு அழகான பெயர், எங்களுக்கு அதே பெயரோடு 'காலனி'. கல்லூரியில் சேரும்போது விலாசம் கேட்டார்கள், சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் எழுதினார், அவ்வளவுதான். இருபது வருசம் ஆகிறது, அந்தப் பார்வை அப்படியே நிற்கிறது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை எடுப்போம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னபோது, அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

ஆனால் புதுப்பெயரை எங்களைக் கேட்டு வைக்க வேண்டும். மேலே இருந்து ஒரு தலைவர் பெயரோ பூப் பெயரோ வந்து இறங்கக் கூடாது. எங்கள் பாட்டி வாயில் காலனி என்று வந்ததே இல்லை, ஆலாங்காடு என்றுதான் சொல்லும். மரம் போய்விட்டது, பெயர் எங்களிடம் இருக்கிறது. அதைத்தான் மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நொய்யல்கரை:

ஆலாங்காடு, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "எங்க காட்டுக்கும் பேர் இருந்துச்சு கண்ணு" என்று ஆரம்பித்தார். கரட்டுக்காடு, பள்ளத்துத்தோட்டம், ஊஞ்சமரத்துக்காடு, குட்டைமேடு என்று ஒன்பது பெயர் சொன்னார், மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதில் ஐந்து இப்போது அந்த சிட்டிக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய் எது எங்கே என்று நடந்து பார்க்கப்போகிறோம். மூக்குத்தியான்காடு என்று ஒன்று சொன்னார், ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் பக்கம் யாராவது கேட்டிருக்கிறீர்களாங்க?