கீகல் பயிற்சி செய்யச் செய்ய இடுப்படி வலி கூடுகிறது: தொடரலாமா?

மாரத்தஹள்ளிவாசி:
வணக்கம். எனக்கு வயது 36. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் நாள் முழுவதும் கணினி முன் உட்காரும் வேலை. பல மாதங்களாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே மந்தமான வலி விடாமல் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் பைக் ஓட்டி வீடு சேரும்போது அது எரிச்சலாகிவிடுகிறது. சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலவே தோன்றுகிறது. புராஸ்டேட் அழற்சி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. இணையத்தில் பார்த்து, இடுப்படித் தசையைச் சுருக்கிப் பிடித்து விடும் கீகல் பயிற்சியைத் தொடங்கியதிலிருந்து வலி கூடியிருக்கிறது. தொடரலாமா? வீட்டில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

ஜெயநகர் பிசியோ:
இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள், சார். கீகல் பயிற்சி பலவீனமான தசைக்கானது. புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர் கசிபவர்களுக்கு அது நல்ல பலன் தரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இடுப்புத் தளத் தசை, அதாவது சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் தசை, ஓய்வே இல்லாமல் இறுகி நிற்பதாகத் தோன்றுகிறது, அதை நேரில் பரிசோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும் என்றாலும். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். புராஸ்டேட் அழற்சி என்று நாள்பட்ட சிகிச்சை பெறும் ஆண்களில் பெரும்பாலோருக்குக் கிருமித் தொற்று இருப்பதில்லை. அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கை மீண்டும் மீண்டும் கொடுப்பதில் பயனும் இல்லை.

கீகலுக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சியைச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்து, ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசை கீழே இறங்கும். இடுப்புத் தளமும் அதனுடன் சேர்ந்து மெல்லத் தாழும். சிறுநீர் வரத் தொடங்கும் கணத்தில் உள்ளே ஏதோ அவிழ்கிறதே, அதே உணர்வைத்தான் இங்கே தேட வேண்டும். முக்கித் தள்ளக் கூடாது. மூச்சை விடும்போது எதையும் சுருக்கவும் கூடாது. காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அல்சூர்க்காரன்:
தம்பி, இதே வலியோடு நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மலச்சிக்கலைக் கவனியுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையில் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்கால்களை உயர்த்தி உட்கார்ந்தால் முக்க வேண்டிய தேவை குறையும். வெதுவெதுப்பான நீரில் இடுப்பளவு உட்காருவது எனக்கு இரவில் நல்ல ஆறுதல் தந்தது. விந்து வெளியேறிய பின் வலி கூடுவதும் இந்நோயில் உண்டு. காரணம் தெரியாவிட்டால் மனைவி அதை விலகலாக நினைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மனப்பதற்றம் தசையை இறுக்கும், வலி பதற்றத்தை வளர்க்கும். அதற்காக, ‘எல்லாம் உங்கள் மனதில்தான்’ என்று எவராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

மாரத்தஹள்ளிவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பிசியோதெரபி சிகிச்சை எப்படி இருக்கும், யாரிடம் போவது?

ஜெயநகர் பிசியோ:
முதலில் ஒரு யூராலஜிஸ்ட்டை (சிறுநீர்ப்பாதை மருத்துவரை) பார்த்து மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு, இத்துறையில் தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், உங்கள் சம்மதத்துடன், கையுறை அணிந்த விரலால் ஆசனவாய் வழியாக எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மெதுவாக அழுத்தித் தளர்த்துவார். வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லலாம். உள்பரிசோதனையே வேண்டாம் என்றால் மூச்சுப் பயிற்சியும் இடுப்பு நீட்சிப் பயிற்சிகளும் மட்டுமே வைத்துத் தொடங்கலாம். இடுப்புத் தளச் சிகிச்சை தரும் இடங்கள் பல மகப்பேறு சார்ந்தவை என்பதால், ஆண்களுக்கும் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.