பதில்: எவொலூஷனுக்குத் தமிழ்ச் சொல், ‘வளர்ச்சி’ வேணாமே

எல்லாருக்கும் வணக்கம், பினாங்குலேர்ந்து எழுதுறேன். உயிரினங்க தலைமுறை தலைமுறையா மாறி வர்ற எவொலூஷனுக்கு எந்தத் தமிழ்ச் சொல் வைக்கலாம்னு நம்ம மடல்கள்ல பேசிக்கிட்டு இருக்கோம்ல, அதுல ஈப்போ ஐயா எழுதினதுக்குப் பதில் இது:

> படிவளர்ச்சின்னு வச்சுட்டா தமிழாவும் ஆச்சு, புள்ளைங்களுக்கும் புரியும்.

ஈப்போ ஐயா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இந்தச் சொல்லுலதான் பெரிய சிக்கல். போன வாரம் டியூசன்ல ஒரு பொண்ணு கேட்டா, “டீச்சர், படிப்படியா வளர்ந்துதானே குரங்கு மனுசனாச்சு, அப்ப இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் வளரல?” மலாய்ல எவொலுசின்னு சொன்னப்பல்லாம் வராத கேள்வி, நான் தமிழ்ல படிவளர்ச்சின்னு சொன்ன அன்னைக்கு வந்துச்சு. தப்பு அவ மேல இல்ல, சொல்லு மேல. படின்னதும் ஏணி கண்ணுல நிக்குது, வளர்ச்சின்னதும் உச்சியில மனுசன் உக்காந்துக்கிறான். குரங்கும் நாமளும் ஒரே பழைய மூதாதைகிட்டேர்ந்து பிரிஞ்சு வந்த கிளைங்கன்றது அந்தச் சொல்லுக்குள்ள இல்லவே இல்ல.

பத்துமலைக்கு நம்ம எல்லாரும் போறோம், 272 படி ஏறுறோம், அந்த வழியிலயே பிரியுற இருட்டுக் குகையில லிபிஸ்டியஸ்னு ஒரு சிலந்தி இருக்கு, அதோட வயித்து மேல தட்டுத் தட்டா ஓடு மாதிரி அமைப்பு, ஏறக்குறைய 30 கோடி வருசத்துக்கு முந்தின சிலந்திப் புதைபடிவங்கள்ல பார்க்கிற அதே மாதிரி. மத்த சிலந்திங்க பெரும்பாலும் அந்தத் தட்டை இழந்துடுச்சு. இழந்தது வளர்ச்சியா? நமக்கு வால் போனது வளர்ச்சியா? பாவம், அந்தக் குகைச் சிலந்தி “வளராம” நின்னுடுச்சுன்னு சொன்னா அது இன்னைக்கு வரைக்கும் நல்லா வாழ்ந்துகிட்டு இருக்கிறதுக்கு என்ன பதில்?

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன கூர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், இலங்கைப் பாடநூல்ல அதுதான், சின்னதா அழகா இருக்கு. ஆனா தொல்காப்பியத்துல “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்”னு வருது, அங்கயும் சிறக்குறதுதான் பொருள், மறுபடி ஏணி. பரிணாமம் தமிழ்நாட்டுப் பாடநூல்ல இருக்கிறது. சாங்கியம்ன்ற பழைய இந்தியத் தத்துவத்துல பால் தயிராகுற மாதிரி மூலப்பொருள் உலகமா மாறுறதுக்கு வச்ச பேரு அது. அங்க ஒரு பொருளே இன்னொண்ணா மாறுது. உயிரியல்ல தனி ஒரு மாடோ மீனோ மாறுறதில்ல, தலைமுறை தலைமுறையா கூட்டம் மாறுது.

இதே குழப்பம்தான் போன மடல்ல ஒருத்தர் “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்”னு மாணிக்கவாசகர் அன்னைக்கே சொல்லிட்டார்னு எழுதினதுலயும். நானும் தினம் சிவபுராணம் படிக்கிறவதான். அது ஒரு உயிர் பிறவி பிறவியா உடம்பு மாறி எடுத்து இளைச்சுப்போற கதறல், அதைக் கொண்டுபோய் உயிரியல் பாடமாக்குனா ரெண்டுக்குமே அநியாயம்.

அடுத்து, எவொலூஷன் இல்ல, உயிரெல்லாம் கடவுள் நேரா படைச்சதுதான்ற கிரியேஷனிசத்துக்கு “மூடக்கொள்கை”ன்னு பேரு வைக்கலாம்னு கோலாலம்பூர் தம்பி எழுதியிருக்கீங்க. வேணாம்பா. கலைச்சொல்லே தீர்ப்பு சொல்லிடக் கூடாது. படைப்புவாதம் போதும், அதையும் இறைவன் படைச்சான்னு நம்புற எல்லார் மேலயும் ஒட்ட வேணாம். போப் பன்னிரண்டாம் பயஸ் 1950லயே மனுச உடம்பு எப்படி வந்துச்சுன்னு ஆராயத் தடையில்லன்னு எழுதினார், ஆன்மா மட்டும் நேரா கடவுள்கிட்டேர்ந்துன்னு சொல்லிட்டு. 1996ல போப் இரண்டாம் ஜான் பால் எவொலூஷன் வெறும் கருதுகோளுக்கு மேலன்னுட்டார். நம்ம மலாக்காவுல, சரவாக்ல எல்லாம் அலைஞ்ச இயற்கை ஆய்வாளர் வாலஸ், டார்வின் தன் நூலை வெளியிடுறதுக்கு முன்னாடியே தனியா இயற்கைத் தேர்வுன்ற கருத்தை (சூழலுக்குப் பொருந்துறது தங்கிப் பெருகும்ன்றதை) எழுதி 1858ல அவருக்கே அனுப்பினவர், அவரே 1869ல மனுச மூளைக்கு இது மட்டும் போதாதுன்னு எழுதினார், டார்வினுக்கு அதுல ரொம்ப வருத்தம். என் வகுப்புல இந்து, கிறிஸ்துவ, முஸ்லிம் புள்ளைங்க பக்கத்துப் பக்கத்துல உக்கார்றாங்க, எந்த வீட்டுப் புள்ளையும் சொல்லைக் கேட்டதுமே காதை மூடிக்கக் கூடாது.

சரி, என் சொல். 1859ல வந்த டார்வின் நூலோட முதல் பதிப்புல எவொலூஷன்ற சொல்லே கிடையாது, கடைசி வார்த்தையில மட்டும் அதோட வினைச்சொல் வருது. அவர் சொன்னது வம்சம் இறங்கி வர்றப்ப ஏற்படுற மாற்றம். நமக்கு நன்னூல் இலக்கணத்துலயே சொல்லுங்க சேர்றப்ப எழுத்து மாறுறதுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல்னு மூணு விகாரம் இருக்கு, ஏறுறது இறங்குறது எதுவும் இல்லாம. அதுனால முதல்ல வழித்திரிபுன்னு எழுதி வச்சேன். எங்கம்மா கேட்டுட்டு “பால்தான்டி திரியும்”னாங்க. அவங்க சொல்றது சரி, காதுல கெட்டுப்போன மாதிரிதான் விழுது, விட்டுட்டேன்.

இப்ப வச்சிருக்கிறது ‘வழிவழி மாற்றம்’. வழிவழியா வர்றதுன்னா என்னன்னு பாட்டிக்கும் தெரியும், மாற்றம்னா மேலயும் இல்ல கீழயும் இல்ல, யார் மாத்தினதுன்னும் சொல்லல. அந்தப் பொண்ணுகிட்ட மறுபடி இப்படிச் சொல்லிப் பார்த்தேன், “அப்ப குரங்குக்கும் அதோட வழியில மாற்றம் நடந்திருக்கும்ல டீச்சர்”னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

குறை ஒண்ணு இருக்கு, நீளம். பூவும் தேனீயும் சேர்ந்தே மாறுறதுக்கு ‘இணை வழிவழி மாற்றம்’னா வாய் வலிக்குது. யாழ்ப்பாணத்து அண்ணன் இதைச் சுருக்க வழி சொல்லுங்க, கூர்ப்பை எடுக்காம.